கணக்குப் பெட்டி: பாதி எங்கே விழுகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரிவு பிரிவாகத் தொகுத்த விவரத்தில் இடைநிலை அளவு, அதாவது கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டும் அளவு (மீடியன்), காண்பதுதான் அந்த இடம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கீழே வரும் பட்டியல்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

மகனுக்கு வீட்டில் கணக்குச் சொல்லித் தருகிறேன். 40 மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் இது: 0–10 பிரிவில் 4 பேர், 10–20இல் 6, 20–30இல் 12, 30–40இல் 10, 40–50இல் 8. சூத்திரத்தில் போட்டால் எனக்கு 18.33 வருகிறது. விடைப் பக்கத்தில் 28.33 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?
— வாசகி, திண்டுக்கல்

அச்சுப் பிழை இல்லை அம்மா, விடை 28.33தான். நீங்கள் எங்கே சறுக்கினீர்கள் என்பதை உங்கள் 18.33ஏ காட்டிக்கொடுக்கிறது.

ஒரு பிரிவில் எத்தனை பேர் என்பதுதான் நிகழ்வெண். முதலில் குவிவு நிகழ்வெண் பத்தியை எழுதிக்கொள்ளுங்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 4, 10, 22, 32, 40. மொத்தம் 40, அதில் பாதி 20. குவிவுப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து இறக்குங்கள். 20ஐ முதலில் எட்டுகிற அல்லது தாண்டுகிற வரியில் நிறுத்துங்கள். 4 போதாது, 10 போதாது, 22 போதும். அந்த வரிக்கு உரிய 20–30தான் இடைநிலைப் பிரிவு. இதுவரை நீங்களும் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள்.

இனி சூத்திரம்:

இடைநிலை அளவு = கீழ் எல்லை + (மொத்தத்தில் பாதி − முந்தைய குவிவு) ÷ பிரிவின் நிகழ்வெண் × பிரிவின் அகலம்

‘முந்தைய குவிவு’ என்றால் இடைநிலைப் பிரிவுக்கு மேல் வரியில் உள்ள குவிவு, அதாவது 10. நீங்கள் விரல் நின்ற வரியில் இருந்த 22ஐயே எடுத்துவிட்டீர்கள். 20 − 22 = −2. அதை 12ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் −1.67. 20 − 1.67 = 18.33. சரியாகப் போட்டால் (20 − 10) ÷ 12 × 10 = 8.33, 20 + 8.33 = 28.33.

சூத்திரம் மறந்தாலும் விடை வரவேண்டுமென்றால் இப்படிப் பாருங்கள். 40 பேரையும் மதிப்பெண் ஏறுவரிசையில் நிற்க வைத்தாயிற்று. 20 மதிப்பெண் என்ற கோட்டை அடையும்போது 10 பேரைக் கடந்துவிட்டோம். பாதிக் கூட்டத்தைக் கடக்க இன்னும் 10 பேர் வேண்டும். அடுத்த 10 மதிப்பெண் நீளத்தில் 12 பேர் சமமான இடைவெளியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த நீளத்தில் 12இல் 10 பங்கு நடக்கவேண்டும். அது 8.33. சூத்திரத்தில் இருப்பது இவ்வளவுதான். எல், எம், எஃப், சி என்று நான்கு எழுத்துகளாக மனப்பாடம் செய்யும்போதுதான் எம், அதாவது முந்தைய குவிவு, எந்த வரியிலிருந்து வந்தது என்பது மறந்துபோகிறது.

மகனுக்கு இரண்டு சோதனைகள் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, விடை இடைநிலைப் பிரிவுக்குள் விழவேண்டும். 20–30 என்று பிரிவைக் கண்டுபிடித்துவிட்டு 18.33 என்று எழுதினால், திருத்துகிறவர் வரிகளைப் பார்க்காமலே தப்பு என்று சொல்லிவிடுவார். இரண்டு, கீழிருந்தும் நடந்து பாருங்கள். 30க்கு மேல் 18 பேர் இருக்கிறார்கள். பாதிக்கு இன்னும் 2 பேர் வேண்டும். 30இலிருந்து 12இல் 2 பங்கு பின்னால் வந்தால் 30 − 1.67 = 28.33. இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் சந்தித்தால் கணக்கு சரி.

தொகுக்காத விவரத்தில் (மொத்தம் + 1) ÷ 2 என்று படித்தோம். தொகுத்ததில் ஏன் வெறும் பாதி? சில நோட்டுகளில் இங்கும் ஒன்றைக் கூட்டியிருக்கிறார்களே?
— கல்லூரி மாணவர், திருச்சி

தனித்தனி எண்களில் நாம் தேடுவது ஓர் ஆளை. 7 பேர் நின்றால் நடு ஆள் 4ஆவது ஆள், அதனால் ஒன்று கூட்டுகிறோம். குடும்பத்துக்கு எத்தனை குழந்தைகள் என்பதுபோல 0, 1, 2, 3 என்று தனி மதிப்புகளோடு நிகழ்வெண் கொடுத்திருந்தாலும் இதே வழிதான். பிரிவாகத் தொகுத்த பிறகு ஆள் தொலைந்துபோய்விடுகிறார். அங்கே தேடுவது, பிரிவுகளைச் செவ்வகங்களாக வரைந்தால் வரும் பரப்பைச் சரிபாதியாக வெட்டும் ஒரு கோடு.

ஒன்றைக் கூட்டினால் என்ன கெடுகிறது என்று மேலே உள்ள கணக்கிலேயே பாருங்கள். 20.5 எடுத்து மேலிருந்து வந்தால் 20 + 10.5 ÷ 12 × 10 = 28.75. அதே 20.5ஐக் கீழிருந்து எண்ணினால் 30 − 2.5 ÷ 12 × 10 = 27.92. எந்தப் பக்கமிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து நடு மாறினால் அது நடுவே இல்லை. பாதி எடுத்தால் இந்தத் தகராறு வருவதில்லை. மொத்தம் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 40, 50 பேர் உள்ள தேர்வுக் கணக்கில் தெரியும்.

உயரம் சென்டிமீட்டரில்: 140–144இல் 5 பேர், 145–149இல் 9, 150–154இல் 16, 155–159இல் 13, 160–164இல் 7. அகலம் 4ஆ, 5ஆ?
— பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி

5. உங்கள் பட்டியலில் 144க்கும் 145க்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. உயரத்தை முழு சென்டிமீட்டருக்குத் திருத்தி எழுதியிருப்பதால் 144.3 உள்ளவர் 144 ஆகவும் 144.7 உள்ளவர் 145 ஆகவும் பதிவாகியிருப்பார்கள். உண்மையான எல்லை 144.5. எனவே ஒவ்வொரு பிரிவின் கீழ் எல்லையிலும் 0.5 குறைத்து, மேல் எல்லையில் 0.5 கூட்டுங்கள். 150–154 என்பது 149.5–154.5 ஆகும்.

குவிவு 5, 14, 30. மொத்தம் 50, பாதி 25. இடைநிலை அளவு = 149.5 + (25 − 14) ÷ 16 × 5 = 149.5 + 3.44 = 152.94.

திருத்தாமல் 150ஐயும் 5ஐயும் போட்டால் 153.44 வரும். 150ஐயும் 4ஐயும் போட்டால் 152.75. மூன்றுமே பிரிவுக்குள்தான் விழுகின்றன. அதனால் முதல் பதிலில் சொன்ன சோதனை இங்கே உங்களைக் காப்பாற்றாது. பட்டியலைப் பார்த்ததும் ஒரு பிரிவு முடிகிற எண்ணிலேயே அடுத்தது தொடங்குகிறதா என்று பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

மருத்துவ முகாமுக்கு வந்தவர்களின் வயதை 20–29, 30–39 என்று தொகுத்திருக்கிறோம். இங்கும் 0.5 குறைக்கவேண்டும்தானே?
— தன்னார்வலர், நாகப்பட்டினம்

வேண்டாம். பாடப்புத்தகத்தை நன்றாகப் படித்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் தவறுகிறார்கள்.

உயரத்தைத் திருத்தி எழுதுகிறோம், வயதை அப்படி எழுதுவதில்லை. 29 வயது முடிந்து 11 மாதம் ஆனவரும் ‘29’ என்றுதான் சொல்வார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கேட்பது முடிந்த வயதைத்தான். ஆகவே 20–29 என்ற பிரிவு 20ஆவது பிறந்தநாளில் தொடங்கி 30ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை நீள்கிறது. எல்லைகள் 20, 30; அகலம் 10. பழக்கத்தில் 19.5–29.5 என்று எழுதிவிட்டால் இடைநிலை வயது சரியாக அரை ஆண்டு குறைந்துவிடும். ஆக, எண்களைப் பார்த்து மட்டும் எல்லையை முடிவு செய்ய முடியாது. அவை எப்படி எழுதப்பட்டன என்று தெரியவேண்டும்.

வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்த தேதி சரியாகத் தெரியாதவர்கள் 40, 45, 50 என்று 0இலும் 5இலும் முடியும் வயதைச் சொல்வது வழக்கம். இந்தியக் கணக்கெடுப்புகளின் வயதுப் பட்டியலில் இந்தக் குவியல் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். நம் சூத்திரமோ பிரிவுக்குள் எல்லோரும் சமமாகப் பரவி நிற்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. 40–44 பிரிவில் 50 பேர், அதில் 22 பேர் ‘40’ என்று சொன்னவர்கள் என்று வையுங்கள். பாதியை எட்ட அந்தப் பிரிவில் 20 பேர் தேவைப்பட்டால் சூத்திரம் 40 + 20 ÷ 50 × 5 = 42 என்று சொல்லும். அந்த 20ஆவது ஆளோ ‘40’ என்றவர்களின் கூட்டத்திலேயே நிற்கிறார். உங்கள் பதிவேட்டில் தனித்தனி வயது இருக்கிறதென்றால் தொகுக்காமலே இடைநிலையைக் கண்டுபிடியுங்கள். தொகுத்தே ஆகவேண்டுமென்றால் 38–42, 43–47 என்று, குவியல் பிரிவின் நடுவில் விழும்படி வெட்டுங்கள்.

எங்கள் பட்டறையின் சம்பளப் பட்டியலில் முதல் வரி ‘10,000க்குக் கீழ்’, கடைசி வரி ‘40,000மும் அதற்கு மேலும்’. நடுவில் உள்ள பிரிவுகளும் ஒரே அகலம் இல்லை. இதில் இடைநிலை காண முடியுமா?
— கணக்காளர், கோவை

முடியும். இந்த மாதிரிப் பட்டியலுக்கு இடைநிலை அளவுதான் பொருத்தமானதும்கூட. கூட்டுச் சராசரிக்கு ஒவ்வொரு பிரிவின் நடு மதிப்பும் வேண்டும். ‘40,000மும் அதற்கு மேலும்’ என்பதன் நடு மதிப்பு எது? முதலாளியின் மைத்துனர் அதில் ஒன்றரை லட்சம் வாங்குகிறாரோ என்னவோ. இடைநிலைக்கு அவர் வெறும் ஒரு தலை, அவ்வளவுதான்.

100 பேர் என்று வைப்போம். 10,000க்குக் கீழ் 14; 10,000–15,000இல் 32; 15,000–25,000இல் 36; 25,000–40,000இல் 13; 40,000மும் மேலும் 5. குவிவு 14, 46, 82. பாதி 50. இடைநிலைப் பிரிவு 15,000–25,000. அகலத்துக்கு அந்த ஒரு பிரிவின் 10,000 மட்டும் போதும், மற்றவை என்னவாக இருந்தாலும் கவலையில்லை. 15,000 + (50 − 46) ÷ 36 × 10,000 = 16,111 ரூபாய்.

சரியாக 15,000 வாங்குகிறவரை எந்த வரியில் சேர்த்தீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் எல்லை அந்தப் பிரிவில் சேராது, அடுத்ததில் சேரும் என்பதுதான் வழக்கம். ஒரே பட்டியலை இரண்டு பேர் இரண்டு விதமாக நிரப்பினால் குவிவே மாறிப்போகும்.

இந்த 16,111ஐ நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன் இதையும் கவனியுங்கள். 10,000–15,000இல் ஓர் ஆயிரத்துக்கு 6.4 பேர் இருக்கிறார்கள்; 15,000–25,000இல் ஆயிரத்துக்கு 3.6 பேர்தான். மேலே போகப்போகக் கூட்டம் மெலிகிறது. அப்படியானால் அந்த 36 பேரும் சமமாகப் பரவி நிற்காமல் 15,000 பக்கமே நெருக்கி நிற்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். உண்மையான நடுச் சம்பளம் 16,111ஐவிடச் சற்றுக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அகலமான பிரிவில் இடைநிலை விழும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் வரவேண்டும். ஊதியப் பதிவேடு உங்கள் கையிலேயே இருக்கிறதே, 15,000–17,500, 17,500–20,000 என்று அந்த ஒரு பிரிவை மட்டும் உடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

திறந்த பிரிவிலேயே பாதி விழுந்துவிட்டால்? 100 பேரில் 55 பேர் ‘10,000க்குக் கீழ்’ என்றால் சூத்திரம் அங்கே நின்றுவிடும். ‘இடைநிலை 10,000க்குக் குறைவு’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

‘20க்குக் கீழ் 6, 40க்குக் கீழ் 17, 60க்குக் கீழ் 36…’ என்று கொடுத்தால்?
— மாணவர், விழுப்புரம்

அதுவே குவிவுதான், மறுபடி கூட்டாதீர்கள். கழித்து நிகழ்வெண்ணை எடுங்கள்: 6, 11, 19. கடைசி எண்தான் மொத்தம். ‘மேல்’ என்று கொடுத்திருந்தால் முதல் எண் மொத்தம், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததைக் கழிக்கவேண்டும்.

பாதியும் குவிவும் அப்படியே சமமாக வந்துவிட்டால் எந்தப் பிரிவை எடுப்பது?
— ஆசிரியர் பயிற்சி மாணவி, சேலம்

எதை எடுத்தாலும் ஒன்றுதான். 0–10இல் 3, 10–20இல் 7, 20–30இல் 8, 30–40இல் 2. மொத்தம் 20, பாதி 10, குவிவு 3, 10, 18. 10–20ஐ எடுத்தால் 10 + 7 ÷ 7 × 10 = 20. 20–30ஐ எடுத்தால் 20 + 0 = 20. அடுத்த பிரிவில் ஆளே இல்லாமல் நிகழ்வெண் 0 ஆக இருந்தால் மட்டும் சிக்கல்; அப்போது அந்தக் காலிப் பிரிவின் எந்த இடமும் கூட்டத்தைப் பாதியாக வெட்டும்.

இடைநிலை அளவு 35, மொத்தம் 50 என்று கொடுத்து இரண்டு நிகழ்வெண்களைக் காணச் சொல்கிறார்கள். 10–20இல் 4, 20–30இல் அ, 30–40இல் 16, 40–50இல் ஆ, 50–60இல் 6. எங்கே தொடங்குவது?
— மாணவர், விருதுநகர்

விடையிலிருந்து. இடைநிலை 35 என்றால் இடைநிலைப் பிரிவு 30–40தான், தேடவே வேண்டாம். முந்தைய குவிவு 4 + அ.

30 + (25 − 4 − அ) ÷ 16 × 10 = 35. ஆக (21 − அ) × 10 = 80. அ = 13. மொத்தத்திலிருந்து ஆ = 50 − 4 − 13 − 16 − 6 = 11.

தலைகளின் எண்ணிக்கை பின்னமாகவோ குறையாகவோ வராது. அ = 12.6 என்று வந்தால் கேள்வியை எழுதிக்கொண்டதில் எங்கோ பிசகியிருக்கிறது.

வரைபடத்தில் போட்டால் எனக்கு எப்போதும் விடை சற்றுத் தள்ளியே வருகிறது.
— மாணவி, காஞ்சிபுரம்

எவ்வளவு தள்ளி என்று அளந்து பார்த்தீர்களா? கிட்டத்தட்ட அரைப் பிரிவு என்றால், புள்ளிகளைப் பிரிவின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். நிகழ்வெண் பலகோணத்தில்தான் நடுப்புள்ளி. குவிவு எண்களைப் புள்ளிகளாக வைத்து இணைக்கும் குவிவு வளைவில் ‘கீழ்’ வகைக்கு மேல் எல்லையிலும், ‘மேல்’ வகைக்குக் கீழ் எல்லையிலும் புள்ளி வைக்கவேண்டும். 20–30இன் குவிவு 22 என்றால், 30ஐ எட்டும்போதுதான் 22 பேரும் முடிகிறார்கள். தொடக்கத்தில் (0, 0) புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்தால் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியின் உயரம் மொத்தத்தில் பாதியாக இருக்கும். அங்கிருந்து கீழே செங்குத்துக் கோடு இறக்கினால் இடைநிலை அளவு. புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோட்டால் இணைத்தால் விடை சூத்திரத்தோடு அப்படியே பொருந்தும், ஏனென்றால் சூத்திரம் செய்வதும் நேர்கோடு போடுவதைத்தான். கையால் வளைத்து வரைந்தால் துளி மாறும், அது பிழை இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இடை, இடையம், ஆகாரம், மீடிறன். நீங்கள் எழுதுவதோடு எது எதற்குப் பொருந்தும்? காலணைக்கும் இதே வழியா?
— வாசகர், யாழ்ப்பாணம்

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் முறையே சராசரி, இடைநிலை அளவு, முகடு, நிகழ்வெண். உங்கள் ‘காலணை’ இங்கே கால்மானம். வழி ஒன்றுதான், பாதிக்குப் பதில் கால், முக்கால். திண்டுக்கல் வாசகியின் பட்டியலில் கால் பங்கு 10; குவிவு 20 மதிப்பெண்ணில் சரியாக 10ஐத் தொடுகிறது, எனவே முதல் கால்மானம் 20. முக்கால் 30; 30 + (30 − 22) ÷ 10 × 10 = 38. நடுவில் உள்ள பாதிப் பேர் 18 மதிப்பெண் அகலத்துக்குள் இருக்கிறார்கள்.

சராசரி இருக்கும்போது இந்த நடு எதற்கு? யார் கொண்டுவந்தது?
— வாசகர், மதுரை

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். குவிவு வளைவை நாம் ஓஜைவ் என்கிறோமே, அந்தப் பெயரை 1875இல் பயன்படுத்தியவரும் அவர்தான். 1907இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய ஒரு கணக்கு பேர்போனது. பிளிமத்தில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் என்ன எடை இருக்கும் என்று சீட்டு எழுதிப்போடும் போட்டி. செல்லத்தக்க சீட்டு 787. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுச் சீட்டை எடுத்தார்: 1,207 பவுண்டு. அவர் வெளியிட்ட கணக்கின்படி உண்மை எடை 1,198. யாரோ ஒருவர் விளையாட்டாகப் பத்தாயிரம் பவுண்டு என்று எழுதிப் போட்டிருந்தால் சராசரி 10 பவுண்டுக்கு மேல் எகிறியிருக்கும். நடுச் சீட்டுக்கு அவரும் ஒரு ஓட்டுத்தான்.

எக்செல்லில் மீடியன் போட்டால் 8 வருகிறது. திண்டுக்கல் பட்டியல் மாதிரி ஒன்றுதான்.
— அலுவலக ஊழியர், சென்னை

நிகழ்வெண் பத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். 4, 6, 12, 10, 8 என்ற ஐந்து எண்களின் நடு 8, எக்செல் கேட்டதைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டளைக்குப் பிரிவு, அகலம் எதுவும் தெரியாது. குவிவுக்கு ஒரு பத்தி போட்டு, சூத்திரத்தை ஒரு கட்டத்தில் நீங்களே எழுதுவதுதான் வழி.

பைத்தான் நிரல்மொழியில் தொகுத்த விவரத்துக்கென்றே ‘மீடியன் குரூப்டு’ என்று ஒன்று உண்டு. நடு மதிப்புகளை நிகழ்வெண் அளவுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டும்: 5ஐ நான்கு முறை, 15ஐ ஆறு முறை, 25ஐப் பன்னிரண்டு முறை, இப்படி. கூடவே அகலம் 10 என்றும் சொல்லவேண்டும். சொன்னால் 28.33. சொல்ல மறந்தால் அது அகலத்தை 1 என்று எடுத்துக்கொண்டு 25.33 என்று தரும்.